பதுவா தாவரவியல் பூங்கா: கண்ணாடிக் கூடத்த கடைசியா பாருங்க

இத்தாலி பதுவாவுக்குப் போற நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு அந்தோணியார் கோவில கும்பிட்டுட்டு அப்படியே வெனிஸ் ட்ரெயின் ஏறிடுறாங்க. கோவில்ல இருந்து கூப்பிடு தூரத்துல யுனிவர்சிட்டியோட தாவரவியல் பூங்கா இருக்கு, 1545-ல வெனிஸ் குடியரசு போட்டது. பைசா ஊர்க்காரங்க எங்களுது அதுக்கும் மூத்ததுன்னு சண்டைக்கு வருவாங்க, ஆனா அது எடம் மாறிடுச்சு, இது வச்ச எடத்துலயே இருக்கு. 1997-ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேத்துட்டாங்க.

கலர் கலரா பூ பாக்கலாம்னு மட்டும் போயிடாதீங்க, ஏமாந்துருவீங்க. மருத்துவம் படிக்கிற பசங்களுக்கு மூலிகைய அடையாளம் காட்டப் போட்ட தோட்டம் இது, அந்தக் காலத்துல மருந்துச் சரக்குல போலி ஏகப்பட்டது, எது அசல்னு செடிய நேர்ல பாத்தாத்தான் பிடிபடும். மூலிகைக்கு அப்போ செம டிமாண்ட், ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிட்டுப் போயிருக்கானுங்க, அதனாலதான் சுத்தி அந்த வட்டச் சுவர். இன்னைக்கு எல்லாரும் ஆஹா என்னா டிசைன்னு போட்டோ எடுக்குறது திருடனுக்குப் பயந்து கட்டுனது!

எனக்குப் பிடிச்சது 1585-ல நட்ட ஒரு விசிறிப் பனைதான். 1786-ல ஜெர்மன் கவிஞர் கதே இத பாத்துட்டுத்தான் யோசிக்க ஆரம்பிச்சிருக்காரு, கீழ முளைக்கிற இலை சும்மா ஈட்டி மாதிரி இருக்கு, மேல வர வர பிளந்து பிளந்து விசிறியாகுது, அப்போ செடியோட எல்லா உறுப்பும் ஒரே இலையோட மாற்றம்தானோன்னு, 1790-ல அத புத்தகமாவே எழுதிட்டாரு. இப்ப அதுக்குன்னு தனியா ஒரு கண்ணாடி வீடு கட்டி வச்சிருக்காங்க. அவசரப்படாம கீழ இருந்து மேல வரைக்கும் இலைய பாருங்க, அவரு சொன்னது அப்படியே தெரியும்.

1680-ல நட்ட பிளேன்ங்கிற நிழல் மரம் ஒண்ணு இருக்கு, அடிமரம் பூரா பொந்து, ஆனா இன்னும் ஜம்முனு நிக்குது. 1750-ல வச்ச ஜிங்கோ மரம் ஒண்ணு, இந்த வகையில ஆண் மரம் வேற பெண் மரம் வேற, இது ஆண், அதுல பாடத்துக்காக ஒரு பெண் கிளைய ஒட்டு கட்டியிருக்காங்க, வாத்தியாருங்க மூளையே மூளை.

2014-ல தொறந்த புது கண்ணாடிக் கூடம் பெருசு, மழைக்காடு பாலைவனம்னு தட்பவெப்பம் வாரியா பிரிச்சிருக்காங்க, குழந்தைங்களுக்குப் பிடிக்கும், ஆனா அந்த மாதிரி வேற ஊர்லயும் பாத்துக்கலாம். பழைய வட்டத்த முடிச்சிட்டு அங்க போங்க. ஏப்ரல், மே பெஸ்ட், குளிர்காலத்துல பாத்தி நிறைய காலியாத்தான் கெடக்கும். ஸ்டேஷன்ல இருந்து டிராம் புடிச்சு சான்தோ ஸ்டாப்ல எறங்கிக்கோங்க.