கயாக்கிங்குக்குப் பணம் கட்டும் முன் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்

கோடை விடுமுறையில் பக்கத்திலேயே ஒரு நாள் போய் வரலாம், பிள்ளைகளுக்குப் புதிதாக ஏதாவது காட்டலாம் என்று கயாக்கிங் (சின்னப் படகில் உட்கார்ந்து துடுப்புப் போடுவது), பேடில் போர்டிங் (மிதக்கும் பலகைமேல் நின்று துடுப்புப் போடுவது) விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்கள் பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு நைந்துபோன லைஃப் ஜாக்கெட்டை மாட்டி ஆழத் தண்ணீரில் இறக்கப் பார்த்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

விளம்பரத்தில் இருந்தது இது: முதல்முறை வருபவர்களுக்கு ஏற்றது, சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர், முதலில் கரையில் பயிற்சி, பிறகு இரண்டு மணி நேரம் ஏரியில் கயாக்கிங், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. கூடவே பளபளக்கும் படகுகளின் படங்கள். அந்தப் படங்களில் சில வேறொரு நாட்டு ஏரியில் எடுத்தவை என்று பிறகு இணையத்தில் தேடியபோது தெரிந்தது. முழுத் தொகையையும் முன்கூட்டியே, அதுவும் ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, "இந்த மெசேஜே ரசீதுதான் சார்" என்று பதில்.

நான், அக்கா, அக்காவின் பிள்ளைகள் இருவர் போனோம். வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம், காலை 7 மணிக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னவர்களே அங்கே இல்லை. போன் செய்தபோதெல்லாம் "பத்து நிமிஷத்துல ஆள் வந்துடும்" என்றார்கள். ஆள் வந்தபோது மணி 10 தாண்டிவிட்டது. ஒதுங்க நிழல் இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சின்னவன் தலைவலி என்று அக்கா மடியில் சாய்ந்துவிட்டான்.

இந்தத் தாமதத்தை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் காலையில் நீர்ப்பரப்பின் மேல் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடாகச் சூடாகக் காற்று எழும்பும். கயாக் லேசானது, புதிதாகத் துடுப்புப் பிடிப்பவரால் எதிர்க்காற்றில் அதைத் திருப்பி ஓட்டிவர முடியாது. கரையிலிருந்து உள்நோக்கி அடிக்கும் காற்றுதான் எல்லாவற்றிலும் மோசம். கரையோரத்தில் அலையே தெரியாது, உள்ளே போன பிறகுதான் திரும்ப முடியவில்லை என்பது புரியும். நாங்கள் நின்ற அன்று காற்று அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

வந்தவருக்கு இருபது வயதுகூட இருக்காது. பயிற்சியாளர் எங்கே என்று கேட்டால், "நான்தாங்க்கா எல்லாம்" என்றார். சான்றிதழ் ஆபீசில் இருக்கிறதாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவரைத் தனியாக அனுப்பியவர்கள் மேல்தான். முதல் வேலையாக ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நீச்சல் தெரியுமா, ஆஸ்துமா, வலிப்பு ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி கிடையாது.

பிறகு லைஃப் ஜாக்கெட்டுகள். ஒரு மூட்டையிலிருந்து கொட்டினார். நான் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. நல்ல நுரை உடனே மேலே எழும்ப வேண்டும். இன்னொன்றில் உள்ளே இருந்த நுரை துண்டு துண்டாக நொறுங்கி அடியில் சேர்ந்திருந்தது, தடவும்போதே தெரிந்தது. ஒரு பக்கிளுக்குப் பதிலாகக் கயிற்று முடிச்சு. லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த துணி. சின்னவனுக்குப் பெரியவர்கள் அளவையே மாட்டினார்கள். நான் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், ஜாக்கெட் காது வரை ஏறி வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவி அடியில் போய்விடும்.

லேபிளில் பார்க்க வேண்டியது, எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்பதும் மிதப்புத்திறன் எவ்வளவு என்பதும். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402 குறியீட்டில் மிதப்புத்திறன் 50 என்று இருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு, கரையும் உதவியும் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நீச்சல் தெரியாதவருக்கு 100-க்குக் குறையக் கூடாது. லேபிளே இல்லாததை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

"ஒண்ணும் ஆகாதுங்க்கா, இடுப்பளவுதான் தண்ணி" என்று அக்காவிடம் சொன்னார். படகில் ஏற்றும் மேடையிலிருந்து துடுப்பை நேராக இறக்கிப் பார்த்தேன். என் உயரத்தைவிட நீளமான துடுப்பு. பிடி வரை உள்ளே போயும் தரை தட்டவில்லை.

நாங்கள் இறங்கவில்லை. எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒரு ஜோடியைக் காற்று ஏரி நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. போய்க் கூட்டிவர நடத்துபவர்களிடம் மோட்டார் படகு கிடையாது, ஒரு விசில்கூட இல்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் தன் படகில் கயிறு கட்டி இழுத்துவந்து சேர்த்தார். அந்தப் பெண்ணுக்குக் கரையேறியும் கைநடுக்கம் நிற்கவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் ஒரு சாகச மையம் அழைத்துச் சென்ற பள்ளி மாணவர்களின் கயாக்குகளைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. 4 பேர் இறந்தார்கள். அந்த மையத்தில் முன்பு வேலை பார்த்த பயிற்சியாளர்கள், இங்கே பாதுகாப்பு சரியில்லை என்று கடிதம் எழுதியே எச்சரித்திருந்தார்கள். நிர்வாகம் காதில் வாங்கவில்லை. 1994-இல் நிறுவனமும் அதன் இயக்குநரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 1995-இல் இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கி அங்கே சட்டமே வந்தது.

தூரப் பயணம் என்றால் ஆயிரம் விசாரிக்கிறோம். பக்கத்தில்தானே, அரை நாள்தானே என்றால் எதையும் கேட்பதில்லை, இவர்கள் பிழைப்பதே அதனால்தான். பணம் கட்டும் முன் போனிலேயே கேளுங்கள்: கூட வருபவர் யார், ஒரு பயிற்சியாளர் பொறுப்பில் எத்தனை படகு, காற்று அடித்தால் ரத்து உண்டா, ரத்தானால் பணம் வருமா, மீட்க மோட்டார் படகு இருக்கிறதா, பிள்ளைகள் அளவில் ஜாக்கெட் இருக்கிறதா. ஜாக்கெட் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "நீங்களாத்தானே வேண்டாம்னீங்க" என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்தேன், படங்களையும் இணைத்தேன், அந்த ஜாக்கெட்டுகளை முதலில் தூக்கிப் போடுங்கள் என்றும் எழுதினேன். பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று பதில் வந்தது. ஜாக்கெட் பற்றி ஒரு வரி இல்லை. வாபஸ் வாங்கவில்லை. நேற்றும் அதே படங்களோடு அதே விளம்பரம் போட்டிருக்கிறார்கள், இந்தச் சனி ஞாயிறுக்கு.