இடம் மாறிய ஆலயத்திற்கு மரவேலை செய்த பட்டறை

முந்திரி ஆலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறிடம் சென்று, ஆலை நிலமும் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு, எங்கள் பாப்டிஸ்ட் சபை கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திற்கு அருகில் புதிய கட்டடத்திற்கு மாறியது. பழைய ஆலயத்தின் இருக்கைகளையும் பிரசங்க பீடத்தையும் கழற்றி, செப்பனிட்டு, மீண்டும் பொருத்தும் பணியை அப்பகுதி மரவேலைப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தோம்.

அயனி மர இருக்கைகளை விற்றுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கலாம் என்று சபையில் சிலர் கூறியபோது, கரையான் அரித்த கால்களை மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவர் பட்டறையின் மூத்த ஆசாரிதான். வேலையைப் பெருக்கிக் காட்டாத அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காணிக்கையில் செய்யப்பட்ட இருக்கைகள் அவை.

பாப்டிஸ்ட் சபைகளில், விசுவாசத்தை அறிக்கையிடுவோரைத் தண்ணீரில் முழுவதும் மூழ்கச் செய்தே ஞானஸ்நானம் கொடுப்பதால், பீடத்தின் முன்பு தரைக்கடியில் தொட்டி கட்டி, மற்ற நாட்களில் பலகையிட்டு மூடுகிறோம். ஈரத்தில் மரம் உப்பும் என்பதை முன்னரே கணித்து, தேக்குப் பலகைகளை இடைவெளி விட்டு, தனித்தனியாகத் தூக்கும்படி அமைத்திருக்கிறார்கள்; மேலே நடந்தால் சிறிதும் அசைவதில்லை. இவ்வேலைக்காகவே இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

புதிய கால்களின் வார்னிஷ் நிறம் பழைய மரத்தோடு ஒத்துப்போகவில்லை. மழையினால் வேலையும் தாமதமானது. இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், இவர்களிடம் வேலை கொடுப்போர் கோடையிலேயே தொடங்கி, முடிக்கும் தேதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.