வெள்ளைப் பேப்பரைக் காட்டி 18,500 ரூபாயை வாங்கிவிட்டார்கள் – லைட் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து வருகிறேன். மூன்றாவது தடவை. பஸ்ஸில் உட்கார்ந்தே பாதியைத் தட்டிவிட்டேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணிப் பட்டுப் புடவைகளை வாங்கி வாட்ஸ்அப்பில் விற்கிறேன். படம் எடுப்பது தம்பியின் பழைய டிஎஸ்எல்ஆரில், காலையில் ஜன்னலோரம். இந்த ஐப்பசி அடைமழையில் ஜன்னல் வெளிச்சமே இல்லை. ட்யூப் லைட்டில் எடுத்தால் பச்சையடிக்கிறது, குண்டு பல்பில் எல்லாம் மஞ்சள் குளிக்கிறது. ரெண்டையும் போட்டால் ஒரே முந்தானை இரண்டு நிறமாகிறது. ஒன்றுக்கு வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமராவில் செய்யும் நிறத் திருத்தம்) வைத்தால் இன்னொன்று கெட்டுப்போகும். சரி, நல்ல லைட் இரண்டு வாங்கிவிடலாம் என்று ஒரு கேமரா சாமான் கடைக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை. மாடியில் இருக்கும், வாசலில் ட்ரைபாடுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வகைக் கடை.

"புடவைக்கு நிறம் அப்படியே வரணும், அரக்கு அரக்காவே தெரியணும்" என்று தெளிவாகச் சொன்னேன். "அக்கா, இதைப் பாருங்க" என்று கடைக்காரர் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைப் பேப்பரை உருவினார். லைட்டுக்கு நேரே பிடித்து, தன் போனில் படம் எடுத்து நீட்டினார். பேப்பர் பால் மாதிரி வெள்ளை. "ஒரு துளி மஞ்சள் இருக்கா, பச்சை இருக்கா? சிஆர்ஐ 95 ப்ளஸ்." சிஆர்ஐ என்றால் லைட் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மார்க். பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். இரண்டு எல்இடி பேனல், ஸ்டாண்டோடு 18,500 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

கைப்பையில் அரக்குச் சாம்பிள் துணி இருந்தது. அதை எடுத்து அந்த வெளிச்சத்தில் பிடிக்க எனக்குத் தோன்றவே இல்லை. இதுதான் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் முதல் படம் அரக்கில் பச்சை பார்டர் போட்ட புடவை. படத்தில் அரக்கு, டிகாக்‌ஷன் கொட்டிய மாதிரி இருந்தது. கிரே கார்டு (நிறம் சரிபார்க்க வைக்கும் சாம்பல் அட்டை) வைத்து வொயிட் பேலன்ஸ் எடுத்தேன். சுவர் வெள்ளையானது, ஜரிகை சரியானது, அரக்கு மட்டும் அசையவில்லை. ரா (RAW) ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே எடுத்து, பிறகு திருத்தினேன். சிவப்பை ஏற்றினால் என் கை தக்காளியாகிறது, புடவை அப்படியே. இதற்குள் ஒரு அம்மா படத்தைப் பார்த்துப் "பாக்கு கலர் அழகா இருக்கு" என்று வாங்கினார். பார்சலைப் பிரித்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

அப்புறம்தான் விசாரித்துப் புரிந்துகொண்டேன். சாதாரண வெள்ளை எல்இடி என்பது நீலம் உமிழும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளை. அதனால் வெள்ளைப் பேப்பர் வெள்ளையாகத்தான் தெரியும், கொஞ்சநஞ்சம் இருக்கும் சாயலைப் போனின் ஆட்டோ வொயிட் பேலன்ஸே துடைத்துவிடும். ஆனால் மட்டமான லைட்டில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. லைட்டிலிருந்து வராத சிவப்பைப் புடவை எப்படித் திருப்பித் தரும்? வொயிட் பேலன்ஸ் இருக்கிற நிறங்களை நிரவுமே தவிர, இல்லாததைக் கொண்டுவராது. சிஆர்ஐ என்று பொதுவாகப் போடும் எண்ணும் வெளிறிய எட்டு நிறங்களின் சராசரிதான். ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது, ஆர்9 என்பார்கள், அது கணக்கிலேயே சேராது. 80 சொச்சம் காட்டும் விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும். பெட்டியில் 95 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் போல.

போதாக்குறைக்கு இரண்டு பேனலும் ஒன்றுபோல் இல்லை. ஒரே சுவரில் அடித்தால் இடது பக்கம் லேசான பச்சை, வலது பக்கம் ரோஸ். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் நகர்கின்றன.

முதல் தடவை போனபோது, "வொயிட் பேலன்ஸ் வைக்கத் தெரியணும் மேடம்." வாங்கும்போது அக்கா, திருப்பிக் கேட்கும்போது மேடம். இரண்டாவது தடவை, "உங்க கேமரா பழசு, சென்சார் போயிருக்கும்." ஜன்னல் வெளிச்சத்தில் அதே கேமராவில் எடுத்த படத்தைக் காட்டினேன். பார்க்காமலே "கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம்" என்றார். இன்று அந்த ஆளே இல்லை. உட்கார்ந்திருந்த பையன் பில்லைத் திருப்பி, "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற வரியைக் காட்டினான். பில் என்பதும் எஸ்டிமேட் சீட்டுதான். "லைட் 2" என்று எழுதி 18,500. மாடலும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. அடுத்த தெருவில் நின்றே 1915-க்குப் போன் போட்டேன், நுகர்வோர் உதவி எண். பார்ப்போம்.

லைட் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. வெள்ளைப் பேப்பரை நம்பாதீர்கள். அரக்குத் துணி ஒன்றும் உங்கள் கேமராவும் கொண்டுபோய், முதலில் வாசல் வெயிலில், பிறகு அந்த லைட்டில் எடுத்து ஒப்பிடுங்கள். ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள், முழித்தால் இறங்கி வந்துவிடுங்கள். மாடல் பெயர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

பழைய கேமரா ஃபிளாஷ் போதுமாம், அதன் ஒளி பகல் வெளிச்சத்தை ஒட்டி 5500 கெல்வின் வாக்கில் இருக்கும், சிவப்பும் ஒழுங்காக வரும், கூரையில் அடித்து எடு என்கிறான் தம்பி. எங்கள் வீட்டுக் கூரை இளம்பச்சை டிஸ்டெம்பர். அடித்தால் மறுபடியும் பச்சைதான். அதற்கு வெள்ளையடிக்க எவ்வளவு ஆகுமென்று யாராவது சொல்லுங்கள், 18,500-க்குள்.