குச்சித் தீவன மில்லில் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையில் எங்கள் மாட்டுத் தீவன மில் இருக்கிறது. மக்காச்சோளம், எண்ணெய் எடுத்த தவிடு, கோதுமைத் தவிடு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கு, கழிவுப்பாகு, தாது உப்பு எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து 8 மில்லிமீட்டர் குச்சியாக அழுத்தி மூட்டை கட்டுகிறோம். குச்சி அழுத்துவது 75 குதிரைத்திறன் மோட்டாரில் ஓடும் ரிங் டை பெல்லட் மில் ஒன்றுதான்; டை என்பது சுற்றிலும் ஓட்டைகள் உள்ள தடித்த எஃகு வளையம். 2018இல் முதல் டிரைவை மாட்டினோம்; மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றி அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. இன்று மில்லுக்குள் மாவைத் தள்ளும் ஃபீடர், கழிவுப்பாகு பம்ப், சூடான குச்சியை ஆற்றும் கூலரின் மின்விசிறி என மூன்றுக்கும் டிரைவ் இருக்கிறது.

டிரைவ் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது மின் கட்டணம் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான். கூலர் மின்விசிறியில் நன்றாகவே குறைந்தது. ஃபீடரில் குறைந்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை, அது வெறும் 3 குதிரைத்திறன் மோட்டார். ஆனாலும் ஒரே ஒரு டிரைவுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் ஃபீடருக்கே மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்குக் காரணம் இந்த மில் வேலை செய்யும் விதம். ஃபீடர் திருகு மாவைத் தள்ளுகிறது. மாவு கண்டிஷனருக்குள் போய் நீராவியில் வெந்து, சூடும் ஈரமும் ஏறி, டைக்குள் விழுகிறது. டை சுழலும்போது உள்ளே இருக்கும் ரோலர்கள் அந்த மாவை ஓட்டைகளுக்குள் அழுத்துகின்றன. மாவு குறைவாக விழுந்தால் 75 குதிரைத்திறன் மோட்டார் பாதிச் சுமையில் வீணாக ஓடும். அதிகமாக விழுந்தால் டை அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி கிடையாது. எங்கள் மோட்டாரின் முழுச்சுமை ஏறத்தாழ 97 ஆம்பியர். 85க்கும் 90க்கும் இடையில் நிறுத்தி ஓட்டினால் குச்சி பளபளப்பாக, உடையாமல் வரும்.

டிரைவ் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர் எங்கள் மூத்த ஆபரேட்டர். ஒரு கை ஃபீடர் வாயின் தகட்டுக் கதவில், கண் ஆம்பியர் மீட்டரில், காது டையின் பக்கம். தவிடு மாறினாலே அவருக்குச் சத்தத்தில் தெரிந்துவிடும். ஆனால் அவரும் மனிதர்தான். சாப்பிடப் போக வேண்டும், மூட்டை வந்தால் பார்க்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பயந்து 60 ஆம்பியரிலேயே ஓட்டுவார்கள். மில்லின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பயத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

முதல் ஆறு மாதம் டிரைவை வெறும் திருகு குமிழ் வைத்துத்தான் ஓட்டினோம். அதில் நான் செய்த முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃபீடரின் கியர் விகிதம் டிரைவை மனதில் வைத்துச் செய்ததல்ல. தேவையான மாவு 10 ஹெர்ட்ஸிலேயே வந்துவிட்டது. நாள் முழுக்க 9, 10 ஹெர்ட்ஸில் ஓட்டினோம். மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறி அதே தண்டில்தான் சுற்றுகிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். திருகு இழுக்கும் சுமையோ வேகம் குறைந்தாலும் குறையாது. சித்திரை வெயிலில் நான்காம் வாரம் சுருள் கருகியது. ரீவைண்டிங் செய்தவர் மோட்டாரைப் பிரித்ததும், "இது சூட்டில் போனது, ஷார்ட்டில் போகவில்லை" என்றார். செயின் சக்கரத்தின் பல் எண்ணிக்கையை மாற்றி, அதே மாவு 35 ஹெர்ட்ஸில் வரும்படி செய்தோம். அதன்பின் அந்த மோட்டார் இன்று வரை சுடவில்லை. வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கவும் இடம் கிடைத்தது.

பிறகுதான் தானியங்கி முறைக்குப் போனோம். பெரிய மோட்டாரின் கேபிளில், ஓடும் ஆம்பியரை அளந்து சிக்னலாக மாற்றும் ஒரு கரன்ட் டிரான்ஸ்டியூசர் மாட்டி, அது தரும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலை ஃபீடர் டிரைவுக்குக் கொடுத்தோம். 88 ஆம்பியர் வேண்டும் என்று டிரைவிடம் சொல்லிவிட்டால், குறைந்தால் திருகை வேகமாக்கும், கூடினால் மெதுவாக்கும். கேட்க எளிது. முதல் நாள் ஊசி 60க்கும் 110க்கும் இடையில் ஊஞ்சல் ஆடியது. டிரைவில் கோளாறு என்றே நினைத்தேன். கோளாறு என் அவசரத்தில் இருந்தது. ஃபீடரிலிருந்து கிளம்பும் மாவு கண்டிஷனரைக் கடந்து டைக்கு வர ஏறத்தாழ 20 நொடி ஆகிறது. அந்த 20 நொடியும் டிரைவ் 'இன்னும் வரவில்லையே' என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. வந்து சேரும்போது மொத்தமாக வருகிறது. திருத்தும் வேகத்தை நன்றாகக் குறைத்து, ஏறும்போது நிதானமாகவும் இறங்கும்போது சட்டென்றும் இருக்கும்படி அமைத்த பிறகு ஊசி இரண்டு மூன்று ஆம்பியருக்குள் அடங்கியது. டிரைவ் விற்பவர்கள் இதை உங்கள் மில்லில் நின்று செய்து தருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பை அப்படியே விட்டுப் போவார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் கண்டிஷனர் எத்தனை நொடி எடுக்கிறது என்று நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த முறையில் ஓட்டும் எவரும் இதை ஒரு நாள் சந்திப்பார்கள்.

2020இல் ஒரு நாள், எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருந்த தேங்காய்ப் பிண்ணாக்கு வந்திருந்தது. மாலை நாலு மணி. ஊசி 88இல் நின்றிருந்தது, நான் எடை மேடைப் பக்கம் இருந்தேன். மூத்த ஆபரேட்டர் அங்கிருந்தே கூப்பிட்டார்: "தம்பி, சத்தம் மாறுகிறது." ஓடி வந்து பார்த்தால் ஊசி 70, 62, 50 என்று இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவின் திரையில் ஹெர்ட்ஸ் ஏறிக்கொண்டிருந்தது: 36, 39, 42. எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, சுமை குறைகிறதே என்று. அவர் பாய்ந்து போய், மாவை டைக்குள் விழவிடாமல் வெளியே திருப்பிவிடும் பைபாஸ் கதவை இழுத்தார். அதற்குள் டைக்குள் விழ வேண்டியது விழுந்துவிட்டது. ஊசி மேல் முனையைத் தொட்டது, சுமை மிஞ்சினால் மில்லைக் காக்க முறிவதற்கென்றே வைத்திருக்கும் ஷியர் பின் முறிந்தது.

நடந்தது இதுதான். எண்ணெய்ப் பசையில் ரோலர்கள் வழுக்கிவிட்டன. வழுக்கினால் மாவு ஓட்டைக்குள் போவதில்லை. அழுத்தம் இல்லாததால் மோட்டாரின் சுமை குறைகிறது. டிரைவுக்குத் தெரிந்தது ஆம்பியர் ஒன்றுதான். சுமை குறைந்தது என்றால் மாவு போதவில்லை என்று அர்த்தம் செய்துகொண்டு, ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்த டைக்குள் மேலும் மேலும் தள்ளியது. கையால் கதவைப் பிடித்து ஓட்டிய காலத்தில் இப்படி நடந்ததே இல்லை. அவர் காது சத்தத்தைக் கேட்டது, டிரைவுக்கு அந்தக் காது இல்லை.

இரவு முழுவதும் அடைப்பை எடுத்தோம். கழிவுப்பாகு கலந்த மாவு ஆறினால் கல்லாகிவிடும். ஓட்டையின் சுவர் கீறிவிடக் கூடாது என்று 8 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 7.5 மில்லிமீட்டர் பிட் போட்டு ஒவ்வொன்றாகக் குடைய வேண்டும். ஒரு ஓட்டையிலிருந்து வெளியே வந்த துண்டை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்புக்கட்டி நீளம், கரும்பழுப்பு நிறம், தரையில் போட்டால் உலோகம் போலச் சத்தம்.

அதன்பின் ஓர் ஆம்பியர் ரிலேயும் ஒரு டைமரும் சேர்த்தோம். ஃபீடர் 25 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும்போது ஆம்பியர் 55க்குக் கீழே 3 நொடி நின்றால் ஃபீடர் உடனே நிற்கும், பைபாஸ் கதவு தானாகத் திறக்கும், மணி அடிக்கும். மேலே 108 ஆம்பியரைத் தொட்டாலும் அப்படியே. ஃபீடருக்கு மேல் வரம்பு 42 ஹெர்ட்ஸ் என்று பூட்டியும் வைத்தோம். இந்தச் சிறு சேர்க்கைக்கு ஆன செலவு டிரைவின் விலையில் சிறு பகுதிகூட இல்லை. இதற்குப் பின் ரோலர் வழுக்கியது பல முறை உண்டு, டை அடைத்தது இரண்டே முறைதான். அந்த இரண்டும் மின்வெட்டில் நடந்தவை. மின்வெட்டை எந்த டிரைவும் தடுக்காது. மில்லை நிறுத்தும்போதெல்லாம் எண்ணெய் கலந்த தவிட்டைக் கடைசியாக ஓட்டி ஓட்டைகளை நிரப்பிவிடுவது ஒன்றே வழி. திடீரென்று மின்சாரம் போனால் அதற்கும் நேரம் கிடைக்காது.

தூசும் வெப்பமும் டிரைவின் பெரிய எதிரிகள். தீவன மில்லில் தவிட்டுத் தூசு புகாத இடம் இல்லை. எங்கள் முதல் பேனல் பெல்லட் மில்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. டிரைவின் குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையில் தூசு மெத்தை போலப் படிந்து, வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தவறாமல் 'அதிக வெப்பம்' என்று நின்றுவிடும். ஒரு முறை பல்லி ஒன்று கேபிள் துளை வழியாக உள்ளே போய் முனையங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு செத்தது. அதோடு ஒரு டிரைவும் போனது. இப்போது பேனல் தனி அறையில் இருக்கிறது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் ஒரு விசிறி வைத்திருப்பதால், கதவிடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் போகும், தூசு உள்ளே வராது. கேபிள் துளைகள் எல்லாவற்றுக்கும் இடுக்கை இறுக்கி அடைக்கும் கிளாண்ட். சனிக்கிழமை தோறும் சுத்தம் செய்கிறோம். மெயினை அணைத்த பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் 580 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் தங்கியிருக்கும். மூடியில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு முடிந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் என் ஆட்களிடம் நான் கடுமையாக இருக்கிறேன்.

அறையை மாற்றியதால் கேபிள் 40 மீட்டரானது. டிரைவ் அனுப்பும் மின்னழுத்தம் சீரான அலை அல்ல, வெட்டி வெட்டி அனுப்பும் துடிப்புகள். நீண்ட கேபிளில் அவை மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது மின்னழுத்தம் உயர்ந்து சுருளின் காப்பைத் தின்னும். டிரைவிலிருந்து வெளியேறும் பக்கத்தில், துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் கம்பிச் சுருளான ஒரு ரியாக்டரும், கவசமிட்ட கேபிளும், நல்ல எர்த்தும் போட்டுவிட்டால் கவலை இல்லை. உள்ளே வரும் பக்கத்திலும் அதேபோன்ற கம்பிச் சுருளான ஒரு சோக் போடுங்கள். அதைப் போடாமல் விட்டதால் எங்கள் பவர் ஃபேக்டர் கெபாசிட்டர்கள் இரண்டு வீங்கிப் போயின; டிரைவ் உண்டாக்கும் ஹார்மோனிக்ஸ் என்ற அலைச் சிதைவு அவற்றைச் சூடாக்கிவிட்டது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெபாசிட்டரை வைக்கவே கூடாது என்பது எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள், சொல்லி வையுங்கள்.

மின்விசிறிக்கு வருகிறேன். விசிறியின் வேகத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழ பாதியாகிறது, ஏனென்றால் வேகத்தின் மும்மடியில் (0.8 × 0.8 × 0.8) திறன் மாறுகிறது. எங்கள் 15 குதிரைத்திறன் கூலர் விசிறியில் மீட்டர் வைத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அந்த மகிழ்ச்சியில் 34 ஹெர்ட்ஸ் வரை இறக்கினேன். ஐப்பசி மழை நேரம். குச்சி வெளியே வரும்போது கையில் வைத்தால் இதமான சூடு இருந்தது, பரவாயில்லை என்று விட்டேன். பத்தாம் நாள் ஒரு விவசாயி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். சூடாகக் கட்டிய மூட்டை உள்ளே வியர்த்து, ஓரத்தில் பூசணம் பூத்திருந்தது. பூசணம் பிடித்த தீவனத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும். அந்த லாட் முழுவதையும் திரும்பப் பெற்று எரித்தோம். இப்போது குச்சியின் சூடு வெளிக்காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் விதி. ஹெர்ட்ஸ் அதைப் பொறுத்தே அமையும். மழைக்காலத்தில் மின்சார மிச்சத்தை மறந்துவிடுகிறேன்.

பெரிய மோட்டாருக்கும் டிரைவ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே மில்லில் கோழிக்கு 3 மில்லிமீட்டரும் மாட்டுக்கு 8 மில்லிமீட்டரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். சிறிய குச்சிக்கு டை வேகமாகவும் பெரிய குச்சிக்கு மெதுவாகவும் சுற்றுவது நல்லது. ஒரே அளவு ஓட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு மோட்டாரை இதமாகக் கிளப்ப மட்டும் உதவும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போதும், அல்லது ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர். அந்தப் பணத்தை நல்ல டை வாங்கச் செலவழிப்பேன்.

இன்னொன்று. டிரைவுக்குள் இருக்கும் அமைப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். பல்லி கொன்ற டிரைவுக்குப் பதில் புதியது அன்று மாலையே வந்துவிட்டது. பழைய எண்கள் எதுவும் யாரிடமும் இல்லாததால் மில் இரண்டு நாள் நின்றது.

எங்களுக்கு இன்னும் பாக்கி இருப்பது நீராவி. டிரைவ் ஃபீடரை மெதுவாக்கும்போது நீராவி வால்வு அப்படியே திறந்திருந்தால் குறைந்த மாவுக்கு அதே நீராவி கிடைக்கிறது. மாவு ஈரமாகி ரோலர் வழுக்குகிறது. வழுக்கல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன என்று இரண்டு ஆண்டு குறிப்பேட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். போன மாதம் ஃபீடரின் வேகத்தோடு சேர்ந்து திறந்து மூடும் வால்வைப் பொருத்தியிருக்கிறோம். கண்டிஷனர் வாயில் மாவு 80 டிகிரியில் நிற்கிறதா என்று மூத்த ஆபரேட்டர் ஒவ்வொரு மணிக்கும் எழுதுகிறார். எழுதுவதற்கு முன் ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்க்கிறார்; உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் உதிர்ந்தால்தான் எண்ணை எழுதுகிறார்.