புது 12 போர் (bore, குழல் அளவு) பம்ப் துப்பாக்கி: பேரல் மாட்டும்போது போல்ட் சிக்கினால்

ஏற்காட்டு எஸ்டேட் காவலுக்கு இந்தத் துப்பாக்கி தாராளமாகப் போதும். கூட வரும் கையேடுதான் சுத்த மோசம். பேரல் (குழல்) மாட்டும்போது போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) சிக்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது.

முதலில் சேம்பரும் (தோட்டா வெடிக்கும் அறை) மேகசினும் (தோட்டா அடுக்கும் குழாய்) காலியா என்று விரல் விட்டே பாருங்கள். போல்ட் முழுக்க முன்னால் பூட்டி நின்றால் பேரல் உள்ளே போய் உட்காராது; பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ட்ரிக்கர் கார்டு (விசையைச் சுற்றிய வளைவு) பக்கத்து ரிலீஸை, அதாவது பூட்டை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி, பம்ப் செய்யும் முன்பிடியைப் பாதி பின்னுக்கு இழுத்து வைத்துப் பேரலைச் செருகுங்கள். அதன் வளையம் மேகசின் குழாயில் நேராக இறங்க வேண்டும். அந்தக் குழாயின் முனை மூடியைக் கையால் திருகினால் போதும், பிளையர் வேண்டாம். மூடி பாதியில் நின்றால் பேரல் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம்.

அப்படியும் இறுக்கமா? கம்பெனியில் பூசி அனுப்பும் துருத்தடுப்பு கிரீஸாக இருக்கலாம். மலைக்குளிரில் அது மெழுகாட்டம் கெட்டிப்படும். துடைத்தெடுத்து, போல்ட் ஓடும் தடத்தில் இரண்டு சொட்டு கன் ஆயில் விடுங்கள். அதிகமானால் தூசி பிடிக்கும். சுத்தியல் கிட்டவே வரக்கூடாது, ஆக்‌ஷன் பார் (முன்பிடியையும் போல்ட்டையும் இணைக்கும் கம்பி) வளைந்தால் தீர்ந்தது கதை. மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டு நாலைந்து தடவை ஓட்டியும் சிக்கினால், மலையிறங்கி உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும்.