பழைய இயங்குதளக் குறிப்புகள்: நீக்குவதா, பதிப்பு எண்ணோடு திருத்துவதா, தனிப் பக்கத்துக்கு மாற்றுவதா?

சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் படிவம் நிரப்புவதற்காக, சாளரச் செயலிகளைக் கட்ட உதவும் கியூட்டி (Qt) என்ற நிரலகத்தின் மேல் நாங்கள் கட்டியிருக்கும் கருவித்தொகுப்பின் ஆவணத்தில் ஒரு குறிப்பு நெடுங்காலம் இருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தால், கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிராந்திய, மொழித் தெரிவுகளைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் பெட்டியில் சரி அடையாளம் இட வேண்டும் என்பதே அந்தக் குறிப்பு. வெள்ளவத்தையில் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர், விண்டோஸ் 10 கணினி ஒன்றில் அந்தப் பெட்டியை ஒரு முற்பகல் முழுவதும் தேடிவிட்டு, “அக்கா, இதில அப்படி ஒரு பெட்டியே இல்லை” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தப் பெட்டி விண்டோஸ் எக்ஸ்பிக்கு உரியது. விஸ்டாவிலிருந்து தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கான ஆதரவு இயல்பாகவே நிறுவப்பட்டு வருவதால் அங்கே தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய திரையில் ‘கு’ என்ற எழுத்தின் உகரக் குறி ககரத்தோடு சேராமல் வலப்பக்கம் தனியே நின்றதும் உண்மைதான். அந்தப் படிவத்துக்குப் பெயர் குறித்து அமைக்கப்பட்டிருந்த எழுத்துருவில், ககரத்தையும் உகரக் குறியையும் இணைத்து ஒரே வடிவமாக்கும் ஓப்பன்டைப் அட்டவணை இல்லாததே அதற்குக் காரணம். குறிப்பு சொன்ன அறிகுறி அவர் முன்னால் அப்படியே இருந்தது. குறிப்பு சொன்ன மருந்தோ பல ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒரு நோய்க்கு உரியது. எந்தப் பதிப்புக்கு, எந்தக் காரணத்தால் என்ற இரண்டையும் அது சொல்லியிருந்தால், ஒரு நிமிடத்தில் அதைக் கடந்துபோயிருப்பார்.

இப்படிப்பட்ட குறிப்புகளை என்ன செய்வது என்று எங்கள் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அடியோடு நீக்குவது, மேலே எச்சரிக்கைப் பட்டை ஒன்றைப் போட்டுவிட்டு அப்படியே விடுவது, இருக்கும் இடத்திலேயே பதிப்பு எண்ணோடு திருத்துவது, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனிப் பக்கம் அமைத்து அங்கே மாற்றுவது என்று நான்கு வழிகள் முன்வைக்கப்பட்டன. நான்கையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்திருப்பதால், அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

எச்சரிக்கைப் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இப்பக்கத்தில் உள்ள சில தகவல்கள் காலாவதியாகியிருக்கலாம்’ என்ற வரி, எந்தத் தகவல் என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை, அதைக் கண்டுபிடிக்க மிகக் குறைந்த வசதி உடையவரான வாசகரின் தலையில் வைக்கிறது. திருத்தம் நடந்துகொண்டிருக்கும் ஓரிரு வாரங்களுக்கு அது பொருந்தும். அதற்கு மேல் நின்றால் நல்ல குறிப்புகளையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

நீக்குவதற்கு ஆதரவான வாதம் வலுவானது. கருவித்தொகுப்பு இயங்குவதற்குத் தேவையான மிகக் குறைந்த இயங்குதளப் பதிப்பு எதுவோ, அதற்குக் கீழே உள்ள எதைப் பற்றிய குறிப்பும் யாருக்கும் பயன்படாது. 2020 டிசம்பரில் வெளிவந்த கியூட்டி 6க்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும். எனவே கியூட்டி 6இன் ஆவணத்தில் எக்ஸ்பி பற்றிய வரி ஒன்று இருந்தால், அதை வாசிக்கும் ஒருவருக்குக்கூட அது உதவப்போவதில்லை. பைத்தன் நிரல்மொழி இந்த எல்லையை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது: புதிய பதிப்பு ஒன்று வெளிவரும் நாளில் மைக்ரோசொப்ட்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவு முடியாதிருக்கும் விண்டோஸ் பதிப்புகளை மட்டுமே அது ஆதரிக்கும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது; அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த பைத்தன் 3.9 அதில் இயங்காது. எல்லை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதை நீக்கலாம் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நீக்கியது, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றில் இருக்கத்தான் போகிறது.

ஆனால் அந்த இரு திட்டங்களும் துணிந்து நீக்குவதற்குக் காரணம், அவை ஒவ்வொரு பதிப்பின் ஆவணத்தையும் தனித்தனியே இணையத்தில் வைத்திருப்பதுதான். விண்டோஸ் 7இல் சிக்கியிருப்பவர் பைத்தன் 3.8இன் ஆவணத்தையோ கியூட்டி 5.15இன் ஆவணத்தையோ திறந்தால், அவருக்கு வேண்டிய குறிப்பு அங்கே அப்படியே இருக்கும். எங்களிடம் இருந்ததோ ஒரே ஆவணம்; அது தொடர்ந்து மாறிக்கொண்டே இருந்தது. இந்த வேறுபாட்டை நான் முதலில் உணரவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தோம்.

நாங்கள் கியூட்டி 6க்கு மாறியபோது, உயர் அடர்த்தித் திரைகளில் எழுத்து சிறுத்துவிடாமல் பெரிதாக்கிக் காட்டும் அளவாக்கம் பற்றிய குறிப்பு ஒன்றை நீக்கினோம். கியூட்டி 5இல் அந்த வசதியை, நிரலில் செயலிக்கான பொருளை (object) உருவாக்குவதற்கு முன்பே நாமாக இயக்கிவிட வேண்டும். கியூட்டி 6இல் அது எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், குறிப்பு தேவையற்றதாகத் தோன்றியது. கொழும்பிலே பல கந்தோர்களில் 2022 நெருக்கடிக்குப் பின் கணினி வாங்குவது பெருஞ்செலவாகிவிட்டதையும், பழைய விண்டோஸ் 7 கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதையும் நாங்கள் அறிந்தே இருந்தோம்; அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்துக்காகத்தான் கியூட்டி 5.15இல் இயங்கும் கிளைப் பதிப்பு ஒன்றைத் தனியே பேணினோம். அந்த அலுவலகம் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கியபோது படிவம் முழுவதும் எறும்பு ஊர்வது போலச் சிறுத்துத் தெரிந்தது. பழைய கிளையைப் பொறுப்பேற்றிருந்த புதிய பொறியியலாளருக்கு ஆவணத்திலிருந்து எந்த உதவியும் கிடைக்கவில்லை. கிட் வரலாற்றில் அந்த வரி இருந்தது உண்மை. இல்லாத ஒரு வரியை வரலாற்றில் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது என்பதும் உண்மை.

ஆகவே நீக்குவது நல்ல வழியா என்ற கேள்விக்கு விடை குறிப்பில் இல்லை. ஆவணம் எப்படி வெளியிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. பதிப்புவாரியாக உறையவைத்து வெளியிடுபவர்கள் தயங்காமல் நீக்கலாம். ஒரே ஆவணத்தை வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் பதிப்புவாரியாகப் பிரித்துவிட்டு நீக்குவதே முறை.

இருக்கும் இடத்திலேயே திருத்துவதுதான் என் மனத்துக்கு நெருக்கமான வழி. ஆனால் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வழியும் இதுதான். ஆவணங்களை உருவாக்க உதவும் ஸ்பிங்ஸ் (Sphinx) கருவியில் ‘இந்தப் பதிப்பில் சேர்க்கப்பட்டது’, ‘இந்தப் பதிப்பில் மாறியது’, ‘இந்தப் பதிப்பிலிருந்து கைவிடப்பட்டது’ என்று பதிவதற்குத் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. அதே வகைக் கருவியான டொக்சிஜெனிலும் இதற்கு நிகரானவை உண்டு. இவை கருவித்தொகுப்பின் பதிப்பைத்தான் பதிகின்றன. இயங்குதளத்தின் பதிப்பை எழுதுபவரே வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும், பெரும்பாலான குறிப்புகள் தவறுவதும் இங்கேதான். ‘தற்போது மேக்கில் இது வேலை செய்யாது’ என்று ஒருவர் எழுதிவிட்டுப் போகிறார். அந்தத் ‘தற்போது’ எழுதியவருக்குச் சென்ற செவ்வாய்க்கிழமை, வாசிப்பவருக்கு இன்று. ஆவணத்தைத் திருத்த உட்காரும்போது ‘தற்போது’, ‘அண்மைய’, ‘விரைவில்’, ‘புதிய’ ஆகிய நான்கு சொற்களையும் தேடிப் பார்த்தாலே காலாவதியான குறிப்புகளில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும் என்பது என் அனுபவம்.

திருத்துகிறோம் என்ற பெயரில் நடக்கும் இயந்திரத்தனமான பெயர் மாற்றம் நீக்குவதைவிட ஆபத்தானது. மேக் ஓஎஸ் எக்ஸ் என்ற பெயர் 2012இல் ஓஎஸ் எக்ஸ் என்று சுருங்கி, 2016இல் மேக்ஓஎஸ் ஆயிற்று. எல்லாவற்றையும் ஒரே கட்டளையால் மேக்ஓஎஸ் என்று மாற்றிவிட்டால் ஆவணம் புதிதாகத் தோன்றும். அடியில் உள்ள கூற்றை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பதிப்பு எண் 10இல் தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்ட குறிப்புகள் 2020இல் மேக்ஓஎஸ் 11 வந்தபோது பொய்த்தன. அதிலும், பழைய மேம்பாட்டுத் தொகுதியைக் (SDK) கொண்டு கட்டப்பட்ட செயலிகளுக்கு அந்த 11ஆம் பதிப்பு தன்னை 10.16 என்றே அறிவித்துக்கொண்டது. விண்டோஸிலும் இதே கதைதான்: தன் விவரக் கோப்பில் (manifest) புதிய பதிப்புகளை ஆதரிப்பதாக அறிவிக்காத செயலி பழைய முறையில் பதிப்பைக் கேட்டால், 8.1இலிருந்து அதற்கு விண்டோஸ் 8இன் எண்ணான 6.2 என்ற பதிலே கிடைக்கும். விண்டோஸ் 11இன் முதன்மை எண்ணோ இன்னும் 10தான், கட்டமைப்பு எண் (build) 22000இலிருந்துதான் அதைப் பிரித்தறிய வேண்டும். ‘விண்டோஸ் பதிப்பு 10 எனில்’ என்று தொடங்கும் குறிப்பைத் தொடுபவர் இவ்வளவையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

லினக்ஸ் பற்றிய குறிப்புகளில் நிலைமை இதனினும் நுட்பமானது. எக்ஸ் 11 என்பது லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடு; வேலண்ட் அதன் இடத்துக்கு வந்த புதியது. பழைய ஆவணங்கள் ‘எக்ஸ் 11இல்’ என்று எழுதும்போது லினக்ஸ் முழுவதையும் கருதின. அக்காலத்தில் அது சரியாகவும் இருந்தது. 2016இல் பெடோரா 25 என்ற லினக்ஸ் வெளியீடு வேலண்டை இயல்பு அமர்வாக்கியது, 2019இல் டெபியன் 10 தன் குநோம் மேசைத்தளத்தில் அதையே செய்தது. வேலண்டில் ஒரு செயலி தன் முதன்மைச் சாளரத்தைத் திரையில் தான் விரும்பிய இடத்தில் வைக்க முடியாது. இடத்தைத் தீர்மானிப்பது, எல்லாச் சாளரங்களையும் ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் நிரல் (compositor). எனவே ‘லினக்ஸில் சாளரத்தின் இடம் நினைவில் வைக்கப்படும்’ என்ற வரி, ஒரே கணினியில், நுழையும்போது எந்த அமர்வைத் தெரிவு செய்தோம் என்பதைப் பொறுத்துச் சரியாகவும் இருக்கும், தவறாகவும் இருக்கும். கியூட்டியைப் போன்ற இன்னொரு நிரலகமான ஜிடிகே இதை நேராக எதிர்கொண்டு, 4.0இல் சாளரத்தை நகர்த்தும் செயற்கூறையே எடுத்துவிட்டது. 2025இல் வந்த 4.18இல் எக்ஸ் 11 பின்னணியையும் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இங்கே நீக்குவது தவறு. இயங்குதளத்தின் பெயரை மாற்றுவதும் போதாது. ‘சாளரத்தின் இடத்தைச் செயலியே தீர்மானிக்க அனுமதிக்கும் அமர்வுகளில்’ என்று காரணத்தை முன்வைத்து எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் எக்ஸ் 11 எந்தப் பக்கம், வேலண்ட் எந்தப் பக்கம் என்று சொல்வதே நின்று நிலைக்கும் திருத்தம்.

தனிப் பக்கத்துக்கு மாற்றும் வழியைக் கியூட்டியும் கையாள்கிறது. விண்டோஸுக்கும் மேக்ஓஎஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. நிறுவுதல், கட்டுதல், விநியோகித்தல் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒருவரிடம் ஒரு பக்கத்தை ஒப்படைக்கவும் முடியும். எங்கள் குழுவில் சொந்த மேக் கணினி உள்ளவர் ஒரே ஒருவர் என்பதால் இது சிறிய நன்மை அல்ல. குறை என்னவென்றால், ஒரு செயற்கூறின் பக்கத்தில் நின்று வாசிப்பவர், தன் தளத்தில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதை அறிய இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும் என்று அறியவே மாட்டார். அதே வகை நிரலகமான டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் அதன் செயற்கூறுகளின் பக்கத்திலேயே ‘இந்தத் தளங்களில் மட்டும்’ என்று அடையாளமிடுவது இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழில் மொழிபெயர்ப்பவர் என்ற முறையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஸ்பிங்ஸ் ஆவணத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்தே மொழிபெயர்ப்புக் கோப்பில் இடுகிறது. மூலப் பத்தியில் ஒரே சொல் மாறினாலும் அந்தப் பத்தியின் தமிழாக்கம் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, யாராவது மீண்டும் பார்த்து உறுதிசெய்யும்வரை ஆங்கில மூலமே வாசகருக்குக் காட்டப்படும். ஓஎஸ் எக்ஸை மேக்ஓஎஸ் ஆக்கிய அந்த ஒரு கட்டளை, அதைத் தொட்ட ஒவ்வொரு பத்தியிலும் எங்கள் தமிழை மறைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டோம். நீக்குவதால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை, தனிப் பக்கத்துக்கு அப்படியே நகர்த்தினால் பழைய தமிழாக்கத்தையே மீண்டும் பயன்படுத்தலாம். எழுதும்போதே இயங்குதளக் குறிப்பை விளக்கப் பத்தியோடு கலக்காமல் தனிப் பத்தியாக வைத்தால், பின்னாளில் எந்த வழியைத் தேர்ந்தாலும் சேதம் அந்த ஒரு பத்தியோடு நின்றுவிடும்.

நாங்கள் இறுதியில் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. ஆவணத்தைக் கியூட்டி 5.15 கிளைக்கும் 6 கிளைக்கும் தனித்தனியே வெளியிடுகிறோம்; 6இல் விண்டோஸ் 10க்குக் கீழ்ப்பட்ட எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். நிறுவல் பற்றியவை தளவாரிப் பக்கங்களுக்குப் போயின. நடத்தை பற்றியவை செயற்கூறின் அருகிலேயே, காரணத்தை முதலில் சொல்லித் தொடங்கும் தனிப் பத்திகளாக உள்ளன. மேக்ஓஎஸ் குறிப்புகளைச் சோதிக்க, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் பொதுக் களஞ்சியங்களுக்குக் கட்டணமின்றித் தரும் மேக் கணினிகளில் படிவத்தை ஓடவிட்டுத் திரையைப் படமாகப் பிடித்துப் பார்க்கிறோம். உகரக் குறி சேர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தம்பியைத் தேடவைத்த அந்தக் குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது: ‘கு, மு, ரு போன்ற எழுத்துகளில் உகரக் குறி பிரிந்து தெரிந்தால், படிவத்துக்கு அமைத்த எழுத்துருவில் தமிழுக்கான ஓப்பன்டைப் அட்டவணை இல்லை என்று பொருள், வேறு எழுத்துருவைத் தெரிவு செய்யவும். இது எல்லா இயங்குதளங்களுக்கும் பொருந்தும்.’ அதன் கீழே, எந்த இயங்குதளப் பதிப்பில், எந்தத் திகதியில் கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது என்ற ஒரு வரி உண்டு. அந்த வரியை எழுதியவர் அவர்தான்.