ஆறு வருஷம், ஒரு பழைய போட், எங்கிருந்தோ வரும் அரை பக்கெட் தண்ணீர்

போன வாரம் நண்பன் போன் செய்தான். "டேய், உன்னோடது மாதிரியே ஒரு போட் விலைக்கு வந்திருக்கு, ரெண்டு தடவை விலையைக் குறைச்சுட்டாங்க, வாங்கலாமா?" என்றான். அந்த நேரம் பார்த்து நான் இன்ஜின் பெட்டிக்குள் தலையை விட்டு, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு, கை எட்டாத இடத்தில் இருந்த ஒரு ஹோஸ் கிளாம்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சரி, கொஞ்சம் நியாயமாகவே எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

21 அடி ஃபைபர் போட், 4.3 லிட்டர் வி6, ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் போட்டுக்குள்ளே, புரொப்பல்லர் மாட்டிய டிரைவ் பின்னால் வெளியே), வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. இந்த வகை போட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விவரம் தேவையில்லை. நான் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். இன்ஜின் தங்கம். கார்புரேட்டர் காலத்து இன்ஜின், கண்ணால் பார்த்தே என்ன கோளாறு என்று ஓரளவு பிடித்துவிடலாம். நடுத்தண்ணீரில் ஒருநாள்கூட என்னை நிறுத்தவில்லை. உடம்பும் கனம். அந்தக் காலத்தில் ஃபைபரை அள்ளி அப்பியிருக்கிறார்கள் போல, அலையில் புதிய போட்டுகள் தகர டப்பா மாதிரி தடதடக்கும்போது இது அடக்கமாக வெட்டிக்கொண்டு போகும். சாயங்கால வெயிலில், அலையில்லாத தண்ணீரில் இதை ஓட்டுவதைப்போல் எனக்கு வேறு எதுவும் இல்லை.

ஆனால் தண்ணீர் வரும்.

பயந்து ஓடும் அளவுக்கு வராது. பின்னால், தண்ணீர் சேர்ந்தால் பம்ப்பைத் தானாக ஓட்டும் ஃப்ளோட் ஸ்விட்ச் 'க்ளக்' என்று ஏறும், பம்ப் இருபது விநாடி உறுமும், ஓயும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி க்ளக். போட்டில் யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் என் காது அந்தச் சத்தத்திலேயே இருக்கும். வந்தவர்கள் டால்பினைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள், நான் பம்ப் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் வருஷம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். ஓட்டையைத் தேடாமல் பெரிய பம்ப் வாங்கிப் போட்டேன். பம்ப்பின் மேல் மணிக்கு 500 கேலன் என்று எழுதியிருந்தால் நிமிடத்துக்கு 31 லிட்டர் சொச்சம், அதுவும் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டாம் என்றால். அரை மீட்டர் ஆழத்தில் ஒரு அங்குல ஓட்டை விழுந்தால் உள்ளே வருவது கணக்குப்படி நிமிடத்துக்கு 95 லிட்டர், நடைமுறையில் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் பம்ப் தோற்கும். கசிவுக்குப் பம்ப் மருந்தில்லை, கரைக்கு வந்து சேர அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் 1100 கேலன் பம்ப்பை மாட்டினேன். மாட்டியதோடு விட்டேனா? ஹோஸ் நீளம் குறையட்டும் என்று தண்ணீர் மட்டத்துக்கு இரண்டே அங்குலம் மேலே புதிதாக ஒரு வெளியேற்றும் துளையையும் போட்டேன். டாங்க் நிறைய பெட்ரோல், பின் சீட்டில் மூன்று பேர் என்றால் பின்பக்கம் தாழும், துளை முங்கும், பம்ப் நின்றதும் அது வெளியே தள்ளிய தண்ணீர் அதே ஹோஸ் வழியாக உள்ளே திரும்பி வரும். மறுபடி க்ளக். இரண்டு மாதம் இது புரியவே இல்லை. ஹோஸில் ஒரு செக் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டால் போதும் என்றார்கள், நான் போடவில்லை. பில்ஜில், அதாவது போட்டின் அடியில் தண்ணீர் சேரும் பள்ளத்தில், மிதக்கும் ஒரு நூலோ தக்கையோ சிக்கினால் அது திறந்தபடி நின்றுவிடும், இல்லையென்றால் அடைத்தபடி நின்றுவிடும், இரண்டுமே வம்பு. அந்தத் துளையை எபாக்சி பசை வைத்து மூடிவிட்டு, மேல் விளிம்புக்குக் கிட்டே வேறு துளை போட்டேன். என் கையால் உண்டான கசிவு அதோடு ஒழிந்தது. போட் தானாக வைத்திருந்தது அப்படியே இருந்தது.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து அளக்க ஆரம்பித்தேன். பழைய போட் வைத்திருக்கும் யாருக்கும் நான் சொல்லும் ஒரே உருப்படியான யோசனை இதுதான்: ஸ்பாஞ்ச் வைத்து பில்ஜைக் காயத் துடை, மறுநாள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மக்கால் அள. என்னுடையதில் சும்மா கட்டி வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு மக். இரண்டு மணி நேரம் ஓட்டினால் அரை பக்கெட். அப்படியென்றால் கசிவு ஒன்றில்லை, இரண்டு. ஒன்று எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் இடம், இன்னொன்று ஓடும்போது மட்டும் நனையும் இடம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு தேடியதால்தான் அத்தனை மாதம் வீணானது. இன்னொன்று, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. மழைத் தண்ணீர் இல்லை, கடல்தான். (எண்ணெய் மிதக்கிற தண்ணீர், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.)

ஒரு மக் கசிவைத் தலைகீழாகப் பிடித்தேன். போட்டை டிரெய்லரில் ஏற்றி, அடித் துளையை அடைத்துவிட்டு, உள்ளே ஹோஸ் பைப்பைப் போட்டுத் தண்ணீர் நிரப்பினேன். வெளியிலிருந்து உள்ளே வருவது உள்ளிருந்து வெளியேயும் போகும்தானே. ஸ்டார்ட்டர் மோட்டார் நனையாத உயரம் வரைதான் நிரப்ப வேண்டும். எடையும் ஞாபகம் இருக்கட்டும், 200 லிட்டர் என்றால் 200 கிலோ, கீழே முட்டுக்கொடுக்காமல் செய்யக்கூடாது. அப்புறம் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. நாற்பதாவது நிமிடம், ஆழம் காட்டும் கருவியின் சென்சாரைப் பிடித்திருந்த கீழ் ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி ஒரு ஈரம். அது மெல்ல உருண்டு துளியாகி, கனம் தாங்காமல் கீழே விழுந்தது. பழுப்பு நிறம். கண்டுபிடித்த சந்தோஷம் அந்த நிறத்தைப் பார்த்ததும் போய்விட்டது. உள்ளே ஊற்றியது தெளிந்த தண்ணீர். பழுப்பாக வெளியே வந்தால் டிரான்சமுக்குள், அதாவது போட்டின் பின்சுவருக்குள், இருக்கும் பிளைவுட்டை நனைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

ஸ்க்ரூவைக் கழற்றினேன். திருகவே வேண்டியிருக்கவில்லை, இழுத்ததும் வந்தது. துளைக்குள் கம்பியை விட்டுச் சுரண்டினால் நனைந்த அட்டை மாதிரி மரம் வந்துகொண்டே இருந்தது. நல்ல மரம் வரும்வரை துளையைப் பெரிதாக்கி, பக்கத்தில் விளக்கு வைத்து இரண்டு வாரம் காயவிட்டு, கெட்டியாக்கிய எபாக்சியை அடைத்து, அது இறுகிய பின் அதன் நடுவிலேயே சின்னதாகத் துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினேன். இனி ஸ்க்ரூ லூசானாலும் தண்ணீருக்கு மரம் கிடைக்காது. சுற்றிலும் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் 'தொப்' என்றது, மற்ற இடமெல்லாம் 'டக் டக்'. தப்பித்தேன்.

அரை பக்கெட் விஷயத்துக்கு எல்லோரும் ஒரே குரலில் சொன்னது பெல்லோஸ், டிரைவ் உள்ளே நுழையும் துளையை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர். நியாயமான சந்தேகம்தான், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அவ்வளவு பெரிய துளையை ஒரு ரப்பர் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறது, அது கிழிந்தால் கட்டிய இடத்திலேயே போட் முங்கும். ஒரு சனிக்கிழமை முழுக்க டிரைவைக் கழற்றினேன். பெல்லோஸ் குழந்தை மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன், அதைத் தேட ஒரு மணி நேரம். டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தபோது மணல் அரைபடுவது போல நெறுநெறுத்தது, அதை மாற்றியதால் அந்த நாள் வீண் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னேன், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது முகத்துக்குப் போடும் பவுடர். உட்பக்கச் சுவரை நன்றாகக் காயத் துடைத்து, பவுடரை அப்பி, ஒரு மணி நேரம் அலையில் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், வலது பக்கம், நத்தை ஊர்ந்த தடம் போல மூன்று கோடுகள். மேலிருந்து கீழே. நான் ஐந்து வருஷமாகக் கீழேயே தேடிக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் என் இடுப்பு உயரத்தில் நுழைந்து, சுவரோடு இறங்கி, அடியில் நீளவாக்கில் போகும் ஸ்ட்ரிஞ்சர் கட்டைக்குப் பின்னால் ஒளிந்து ஓடி, இரண்டு மீட்டர் தள்ளி இன்ஜினுக்கு அடியில் நல்ல பிள்ளையாக எட்டிப்பார்த்திருக்கிறது!

உறுதிப்படுத்த மச்சானை உள்ளே படுக்க வைத்து டார்ச்சைக் கொடுத்தேன். வெளியே நான் ஹோஸ் பைப்போடு. இதில் ஒரு முறை உண்டு, கீழிருந்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிடம். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது நுழைந்தது என்று தெரியாது. போட்டின் அடிப்பாகமும் மேல் தளமும் சேரும் இடத்தை மூடி ஓடுகிற ரப் ரெயிலுக்கு வந்ததும் உள்ளிருந்து சத்தம்: "மாமா, வருது, வருது, என் மூஞ்சியிலயே வருது!"

ரப்பரை உருவினால் உள்ளே சிலிக்கான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இந்தக் கசிவைக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்து, ஒரு ஸ்க்ரூவையும் கழற்றாமல், மேலேயே சிலிக்கானைப் பிதுக்கிப் பூசிவிட்டு ரப்பரை மூடியிருக்கிறார். நியாயமாக எழுதுவேன் என்று சொன்னேன், இந்த ஒரு ஆள் விஷயத்தில் முடியாது. சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது. பெயின்ட் ஒட்டாது, எபாக்சி ஒட்டாது, புதிய சிலிக்கானே பழைய சிலிக்கான்மேல் சரியாக ஒட்டாது. சுரண்டி எடுத்து, அதற்கென்று இருக்கும் கரைப்பானில் துடைத்து, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் அதை இன்னும் உள்ளே தேய்த்துவிடுகிறோம். இரண்டு மீட்டர் நீளத்துக்கு மூன்று சாயங்காலம் போனது. துளைகளின் வாயைக் கொஞ்சம் குழிவாக்கி, ஸ்க்ரூவின் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சுற்றி, ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பிதுங்கி வந்ததை பட்டி பிளேடால் வழித்தேன். நிரந்தர வகை பாலியூரித்தேன் பசையைப் போடச் சொன்னவர்கள் உண்டு, ஆனால் அடுத்த முறை அதைக் கழற்றும்போது ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து வரும், கழற்றப்போவதும் நான்தான்.

போன ஞாயிறு இரண்டரை மணி நேரம் அலையில் ஓட்டினேன். ஃப்ளோட் ஸ்விட்ச் ஒருமுறைகூட ஏறவில்லை. திரும்பி வந்து ஸ்பாஞ்சை வைத்து ஒற்றினால் வெறும் ஈரம்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. இன்ஜின் தங்கம், உடம்பு கனம், எல்லாம் உண்மை, வாங்காதே. எனக்குப் பிடித்திருப்பது ஆறு வருஷம் சண்டை போட்டதால் வந்த பிடிப்பு, அது உனக்கு வருமா என்று தெரியாது. உன்னுடையதை விற்பாயா என்றும் கேட்டான். மாட்டேன்.

நான் சொல்லி அவன் கேட்கப்போவதில்லை, இந்த வாரக் கடைசியில் போய்ப் பார்ப்பான். பில்ஜ் காய்ந்து கிடந்தால் சந்தோஷப்படாதே, காலையிலேயே துடைத்து வைத்திருப்பார்கள். டார்ச் அடித்து, உட்சுவரில் வெளுத்த உப்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார். என்னுடையதில் நான்கு விரல் உயரத்தில் இருந்தது. நான் அதை அழுக்கு என்று நினைத்தேன்.